மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு

"மறைக்காம சொல்லுங்க. அந்த 'சரி'யைச் சொல்லும்போது நீங்க வெளிநாட்டுல இருந்தீங்களா, உள்நாட்டுல இருந்தீங்களா?"

"பாத்ரூம்ல இருந்தேன் மேடம்."

"அது எந்த நாடு?"

"அது... நம்ம நாடுதான் மேடம்."

"போச்சு. எல்லாம் போச்சு. கொஞ்சம் அடக்கிக்கிட்டு வெளிநாட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவசரம் மேடம்."

"எது அவசரம்? விமானமா, இதுவா?"

"ரெண்டும்தான் மேடம்."

நான் அப்போது ஏணி மேல் நின்று சுவர்க் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் மாடியில் அறைகளைப் பிரிக்கும் கண்ணாடித் தடுப்பு கூரை வரை போகாது. மேலே ஒரு சந்து விட்டிருப்பார்கள். ஏணியில் ஏறினால் எல்லார் சண்டையும் இலவசமாகக் காதில் விழும். மற்ற நாளாக இருந்தால் ரசித்துக் கேட்டிருப்பேன். அன்றைக்கு ரசிக்க முடியவில்லை. திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் என் மனைவியின் தம்பி.

அவன் வேலை போனால் என்ன ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சோபா இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஆசையாக வாங்கியது. அதில் நான் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது. மச்சினன் "ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று வந்து படுத்தவன் அப்படியே தங்கிவிட்டான். நல்ல பையன். குரல் உயர்த்த மாட்டான். எதைச் சொன்னாலும் "சரி" என்பான். "விளக்கை அணைடா" என்றால் சரி. "ஏன்டா அணைச்சே?" என்றாலும் சரி. ஆமாஞ்சாமி என்றுதான் சொந்தத்தில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவனுக்கு இந்த வேலை கிடைத்த பிறகுதான் பக்கத்துத் தெருவில் ஒரு வாடகை வீடு பேசினோம். வீட்டுக்காரர் ஒரே நிபந்தனை போட்டிருந்தார். வேலை நிரந்தரம் என்று ஆபீஸில் ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை, கடிதம் இல்லாவிட்டால் வீடு இல்லை, வீடு இல்லாவிட்டால் சோபா இல்லை. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

இப்போது இந்த வெளிநாட்டு, உள்நாட்டு விவகாரம். எனக்கே புரிய ரொம்ப நாள் ஆனது, அதனால் பொறுமையாகச் சொல்கிறேன்.

நான் ஒரு பெரிய கட்டடத்தின் பராமரிப்பு மேலாளர். விளக்கு, லிப்ட், ஏசி, குழாய் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் அரசாங்கம் பன்னாட்டு நிதிச் சேவை மையம் ஒன்று தொடங்கியது. நம் மண்ணிலேயே ஓர் இடத்தை ஒதுக்கி, பண விஷயத்தில் மட்டும் அது வெளிநாடு என்று சட்டம் போடுவார்கள். அதற்குள் கம்பெனி வைத்தால் கணக்கெல்லாம் வெளிநாட்டுப் பணத்தில். வருமான வரி பல வருஷத்துக்குக் கிடையாது. வாடகையில் பாதியை அரசே தரும். ஆயிரம் அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், ஒரே ஜன்னலில் எல்லா அனுமதியும் கிடைக்கும். எங்கேயோ போய்ப் பதிவு செய்துகொள்ளும் கம்பெனிகளையும் வங்கிகளையும் இங்கே இழுக்கத்தான் இத்தனை உபசாரம். மாப்பிள்ளை வீட்டாரைக் கூட யாரும் இப்படிக் கவனிக்க மாட்டார்கள்.

மையத்துக்கென்று தனியாக ஒரு கோபுரம் கட்டுவதாக இருந்தார்கள். அது இன்னும் குழியாகத்தான் இருக்கிறது, மழை பெய்தால் தவளை கத்துகிறது. அதனால் தற்காலிகமாக எங்கள் மாடியில் பாதியை எடுத்துக்கொண்டார்கள். அளந்தவர்கள் நேரில் வரவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தின் மேல் கோடு போட்டார்கள். வரைபடத்தில் கழிவறை இருந்த மூலையில், 'இந்தக் குறி கதவு, இந்தக் குறி ஜன்னல்' என்று விளக்கம் எழுதிய கட்டத்தை யாரோ ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கழிவறை இருப்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. கோடு அரசிதழில் வந்துவிட்டது. வந்த பிறகு கடவுளே நினைத்தாலும் மாற்ற முடியாது என்றார்கள். தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். இந்தப் பக்கம் உள்நாடு, அங்கே ஒரு சாதாரண வங்கிக் கிளை. அந்தப் பக்கம் வெளிநாடு, அங்கே மையம். டீ மெஷின் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டது. கழிவறை உள்நாட்டில் நின்றுவிட்டது.

பழகிவிட்டோம். வங்கிக்காரர்கள் "வெளிநாடு போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன்" என்பார்கள். மையத்தில் இருக்கும் ஒன்றிரண்டு பேர் "தாய்நாட்டு ஞாபகம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு கழிவறைப் பக்கம் ஓடுவார்கள்.

என் மச்சினன் அந்த மையத்தில் ஒரு விமானக் குத்தகைக் கம்பெனிக்கு டைரக்டர். டைரக்டர் என்றதும் என் மனைவி "எந்தப் படம்டா?" என்று கேட்டாள். படம் இல்லை. கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருக்கிறது, அதை விமான சேவை நடத்துபவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். விமானம் எங்கேயோ பறக்கிறது, முதலாளி வேறெங்கேயோ இருக்கிறார், இங்கே மச்சினனும் ஒரு மேசையும்தான். அவன் இதுவரை விமானத்தில் ஏறினதே இல்லை. முதலாளி அவனை ஏன் பிடித்தார் என்றால், நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் "சரி சார்" என்றானாம்.

என் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "என் தம்பி வெளிநாட்டுல வேலை பாக்குறான்" என்று எதிர் வீட்டில் சொன்னாள். "அப்புறம் எப்படி தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வர்றான்?" என்று அந்த அம்மா கேட்க, "பாசம்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சலுகைக்கு ஒரு முக்கியமான விதி உண்டு. வெறுமனே பலகை மாட்டிவிட்டு வரிவிலக்கு வாங்கிக்கொண்டு போகக் கூடாது. கம்பெனியின் முடிவுகளை மையத்துக்குள் இருக்கும் ஆள், மையத்துக்குள் இருந்துகொண்டு எடுக்க வேண்டும். அதற்குத்தான் மச்சினன். டைரக்டர் பேசும் போனெல்லாம் பதிவாகும். விதிகளை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்க ஒரு மேடம் இருக்கிறார், கம்ப்ளையன்ஸ் மேடம் என்போம். அவர்தான் முதலில் திட்டிக்கொண்டிருந்தவர்.

நான் ஏணியை விட்டு இறங்கி உள்ளே போனேன்.

"மேடம், கொஞ்சம் மெதுவா. மேல சந்து இருக்கு, வங்கிக்காரங்க வரைக்கும் கேக்குது."

"கேக்கட்டும் சார். உங்க மச்சினன் என்ன பண்ணியிருக்கார் தெரியுமா? விமானத்தை ஒரு புதுக் கம்பெனிக்கு விடலாமான்னு முதலாளி போன் பண்ணியிருக்கார். இவர் பேசிக்கிட்டே கோட்டைத் தாண்டிப் போயிட்டார். அங்க உக்காந்துக்கிட்டு 'சரி சார், விட்டுடலாம்'ங்கிறார். இப்போ முடிவு எங்க எடுத்ததா ஆகுது? உள்நாட்டுல. சலுகை போச்சா? கம்பெனி வேற நாட்டுக்குப் போயிடும். இவருக்கு வேலை ஏது?"

"பாத்ரூம்ல இருந்துதான் பேசினான்னு யாருக்குத் தெரியும் மேடம்?"

அவர் கம்ப்யூட்டரில் பதிவைப் போட்டார். முதலாளி குரல்: "என்னப்பா, விட்டுடலாமா?" மச்சினன் குரல், கொஞ்சம் எதிரொலியோடு: "சரி சார், விட்டுடலாம்." உடனே சர்ர்ர்ரென்று தண்ணீர். அந்தத் தண்ணீர் சத்தத்தை எனக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் அந்தத் தொட்டியை நான்தான் மாற்றினேன்.

"ஏன்டா, போனை வெச்சிட்டாவது தண்ணியை விடக் கூடாதா?"

"வரிசையில ஆள் நின்னாங்க மாமா."

"இன்னிக்கு மத்தியானம் மையத்தைக் கண்காணிக்கிற ஆணையத்து அதிகாரி வர்றார்" என்றார் மேடம். "கடைசியா எடுத்த முடிவோட பதிவைத்தான் முதல்ல கேப்பார்."

"பொய் சொல்லிடலாமா?" என்றேன். தப்புதான். ஆனால் என் கண் முன்னால் சோபா வந்து வந்து போனது.

"நான் பொய் சொல்ல மாட்டேன். என் வேலையே அதைக் கண்டுபிடிக்கிறது."

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன். "என் தம்பி மத்தியானம் சாப்பிட்டானா?"

"அவன் சாப்பாட்டுக்கே வேட்டு வந்துருக்கு. அப்புறம் பேசுறேன்."

"நீங்க அங்கேயேதானே இருக்கீங்க? ஒரு குழாய் ரிப்பேர்னு சொல்லி எதையாவது பண்ணுங்க. வீடு கைவிட்டுப் போச்சுன்னா அவன் நம்ம ஹால்லதான் இருப்பான், பாத்துக்குங்க." அவள் அதை மிரட்டலாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதிகாரி வந்தார். சிடுமூஞ்சி ஆளாக இருப்பார் என்று பயந்தேன். வந்தவரோ கல்யாண மண்டப வாசலில் நிற்பவர் மாதிரி கையைக் கூப்பிக்கொண்டே வந்தார். "எல்லாம் சௌகரியமா இருக்கா? ஏசி குளிருதா? நாற்காலி நல்லா சுத்துதா? குறை இருந்தா கூச்சப்படாம சொல்லுங்க" என்றார். பாவம், அவருக்கு வேறு கவலை. பக்கத்து நாட்டிலும் இதே மாதிரி மையம் திறந்துவிட்டார்களாம்.

"நாங்க வாடகையில பாதி தர்றோம்னு சொன்னோம். அவங்க முழு வாடகையும் தர்றோம்னு சொல்லிட்டாங்க. நாங்க ஒரே ஜன்னல்னு சொன்னோம். அவங்க ஜன்னலுக்கே வர வேண்டாம், நாங்க வீட்டுக்கு வர்றோம்ங்கிறாங்க. இப்படியே போனா காபி போட்டுக் கொடுத்து, காலையும் அமுக்கி விடணும் போலிருக்கு" என்று பெருமூச்சு விட்டார். பிறகு தாழ்வாரத்தைப் பார்த்தார். "இத்தனை கதவுல பலகை தொங்குது. உள்ள ஆள் இருக்கிறது உங்க அறையில மட்டும்தான். எங்க மேலிடத்துல 'வெறும் பலகை மையம்'னு கிண்டல் பண்றாங்க. அதனால உங்களை ரொம்ப நம்பியிருக்கேன் தம்பி. உங்க கடைசி முடிவைக் கேக்கலாமா?"

மேடம் பதிவைப் போட்டார். அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கச்சேரி கேட்பது போலக் கேட்டார். தண்ணீர் சத்தம் வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"வெளியில மழையா?"

"பிளம்பிங் சார்" என்று நான் முந்திக்கொண்டேன். "என் டிபார்ட்மென்ட். உடனே சரி பண்ணிடுறேன்."

"கழிவறை சார்" என்றார் மேடம். "கோட்டுக்கு வெளியில இருக்கு. முடிவு உள்நாட்டுல எடுத்தது."

 மச்சினன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

அதிகாரி கோபப்படவில்லை. எழுந்து நின்று, "வாங்க, இடத்தைப் பாக்கலாம்" என்றார். நாங்கள் எல்லோரும் வரிசையாகக் கழிவறைக்குப் போனோம். கதவுக்கு முன்னால் மஞ்சள் டேப் ஓடுகிறது. அதிகாரி ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமும் வைத்து நின்று யோசித்தார். உள்ளே இருந்து வங்கிக் காசாளர் ஈரக் கையோடு வெளியே வந்தார்.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று அதிகாரி கேட்டார்.

"நான் கை கழுவ வந்தேங்க" என்றார் அவர், பயந்துபோய்.

"தம்பி, நீங்க 'சரி'ன்னு வாயால சொன்னது கழிவறைக்கு உள்ள. ஆனா மனசுல முடிவு எடுத்தது எங்க? கோட்டைத் தாண்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. முன்னாடின்னா ஒரு வழி இருக்கு." அவரே ஒரு வழியை நீட்டிக் கொடுத்தார். கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. நான் மச்சினனுக்குக் கண்ணைக் காட்டினேன். புருவத்தைக் காட்டினேன். இருமினேன்.

அவன் நேர்மையாக யோசித்தான். "மனசுல நான் எந்த முடிவும் எடுக்கல சார். முதலாளி கேட்டார், சரின்னேன். எப்பவும் அப்படித்தான்."

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் சுவரில் சாய்ந்தேன். காசாளர், பாவம், தனக்குச் சம்பந்தமில்லை என்றாலும், "ஐயையோ" என்றார்.

ஏனென்றால் இது முதல் தப்பைவிடப் பெரிய தப்பு. முடிவு எடுக்கவே ஆள் இல்லை என்றால், மையத்தில் கம்பெனியே இல்லை என்று அர்த்தம். அங்கே இருப்பது ஒரு பலகை, அதற்குப் பக்கத்தில் ஒரு மச்சினன்.

 அதிகாரி முகத்தைப் பார்த்தால் எங்கள் முகத்தைவிடப் பரிதாபமாக இருந்தது. இருந்த ஒரே ஆளும் போய்விட்டான். பிறகு மெதுவாக, "கழிவறையையும் மையத்துக்குள்ள சேர்த்துடலாம்" என்றார்.

"அப்போ நாங்க எங்க போறது?" என்றார் காசாளர்.

"நீங்களும் இங்கேயே வரலாம். வெளிநாட்டுக்கு வந்த மாதிரி."

"தினமும் எத்தனை தடவைங்க வெளிநாட்டுக்கு வர்றது? எனக்கு சர்க்கரை வேற இருக்கு."

"அப்படியே சேர்த்தாலும் அரசிதழ்ல வந்த பிறகுதான் செல்லும்" என்றார் மேடம். "அது வரைக்கும் உள்நாடு உள்நாடுதான் சார். ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்து ஆகல. முடிவைத் திரும்ப எடுக்கலாம். அது ஒண்ணுதான் வழி. கோட்டுக்கு உள்ள. உங்க முன்னாடியே. ஆனா இவர் நிஜமாவே முடிவு எடுக்கணும்."

எல்லோரும் திரும்பி மச்சினனைப் பார்த்தார்கள். அவன் வழக்கம் போல, "சரி மேடம்" என்றான்.

அறைக்குத் திரும்பினோம். மச்சினனை நாற்காலியில் உட்கார வைத்தோம். மேடம் கீழே குனிந்து, அவனுடைய கால் இரண்டும் கோட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்தார். அதிகாரி எதிரில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் கதவருகே நின்று, கழிவறைப் பக்கம் போகும் வழியை மறித்துக்கொண்டேன். இனிமேல் என்ன அவசரம் வந்தாலும் அங்கேயே ஆகட்டும் என்று இருந்தேன். காசாளரும் கூடவே வந்துவிட்டார். வங்கியில் கூட்டம் காத்திருக்கிறது என்று சொன்னேன். "இதோட முடிவு தெரியாம எனக்கு அங்க வேலை ஓடாதுங்க" என்றார்.

முதலாளிக்குப் போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"என்னப்பா, அதான் காலையிலேயே சொல்லிட்டியே."

"திரும்பக் கேளுங்க சார்" என்றான் மச்சினன். "அதிகாரி ஐயா இருக்கார். முறைப்படி ஒரு தடவை."

முதலாளிக்குப் புரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் வசனம் பேசுகிற மாதிரி கேட்டார்: "டைரக்டர் அவர்களே, நம்ம விமானத்தை அந்தப் புதுக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாமா, வேண்டாமா? யோசித்து முடிவெடுங்கள்."

சரி என்று சொன்னால் போதும், வேலை முடிந்தது. நான் மனசுக்குள் 'சரி' 'சரி' என்று ஜபித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் கேட்காமலே வந்த சொல்தானே?

மச்சினன் வாயைத் திறந்தான். மூடினான். மேசையைப் பார்த்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தான். அவனை யாரும் இதற்கு முன்னால் யோசித்து முடிவெடுக்கச் சொன்னதில்லை, அதுதான் உண்மை. பொண்ணு பார்த்தபோதும் கேட்டதில்லை. அந்தப் பெண்தான் வேண்டாம் என்றாள், அதற்கும் சரி என்றான். இப்போது நெற்றியைச் சுருக்கினான். விட்டத்தைப் பார்த்தான். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. முதலாளி "லைன்ல இருக்கியாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

"வேண்டாம் சார்" என்றான் மச்சினன்.

"என்னது?"

"வேண்டாம் சார். அவங்களுக்கு விட வேண்டாம்."

என் கை தானாகத் தலைக்குப் போனது. மேடம் எழுதுவதை நிறுத்தினார். காசாளர் மட்டும் ஆர்வமாக ஓர் அடி முன்னே வந்தார்.

"ஏன் வேண்டாம்?" முதலாளியின் வசனக் குரல் போய்ச் சொந்தக் குரல் வந்துவிட்டது.

"அவங்களுக்கு நான்தான் சார் தினமும் போன் பண்றேன். எடுக்கவே மாட்டாங்க. ஒரு பாட்டைப் போட்டுக் காக்க வைப்பாங்க. அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடமே ஆகிடுச்சு." அதை மறுபடி முணுமுணுத்துக் காட்டினான். "விமானத்தை எடுத்துக்கிறதுக்கு முன்னாடியே போனுக்கு பதில் சொல்லாதவங்க, எடுத்துக்கிட்ட பிறகு வாடகைக்கா பதில் சொல்லப் போறாங்க? யோசிச்சுப் பார்த்தேன் சார். வேண்டாம்னு தோணுது."

"தோணுதா? உனக்கா? உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்..." என்று முதலாளி ஆரம்பித்தார். ஸ்பீக்கர் அதிர்ந்தது. பாதி வார்த்தையை எழுத முடியாது. மச்சினன் முகம் வெளிறிப்போய்விட்டது. இன்னும் ஒரு அதட்டலில் 'சரி சார்' என்று சொல்லியிருப்பான்.

மேடம் குறுக்கே புகுந்தார். தேன் வடியும் குரலில், "சார், ஒரு சின்ன விஷயம். போன் பதிவாகிட்டிருக்கு, அதிகாரியும் கேட்டுட்டிருக்கார். இந்த முடிவை நீங்க அங்க இருந்து மாத்தினா, முடிவு அங்க எடுத்ததா ஆகிடும். சலுகை போயிடும். இந்த முடிவுக்காக இவரை வேலையை விட்டுத் தூக்கினாலும் அதே கதைதான். உங்க இஷ்டம் சார்" என்றார்.

 எங்கேயோ ஒரு தூர தேசத்தில் ஒரு பணக்காரர் பல்லைக் கடிப்பது எங்கள் மாடி வரை தெரிந்தது.

"சரி" என்றார் முதலாளி.

அதிகாரி துள்ளி எழுந்தார். மச்சினன் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். "தம்பி, இதுதான்யா முடிவு! எல்லாத்துக்கும் சரின்னு சொல்ற ஆளை எந்த மேலிடமும் நம்ப மாட்டேங்குது. வேண்டாம்னு ஒரு குரல் வந்தாத்தான் உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம். நான் இதை அறிக்கையில போடுறேன். பக்கத்து நாட்டுல முழு வாடகையும் தருவாங்க, ஆனா இப்படி ஒரு 'வேண்டாம்' அவங்ககிட்ட இருக்கா?" அவர் கண் கலங்கியிருந்தது. காசாளர் கை தட்டினார். அப்புறம்தான் வங்கி ஞாபகம் வந்து ஓடினார்.

வேலை நிரந்தரம் என்ற கடிதத்தை மேடம் அன்றைக்கே அடித்துக் கொடுத்தார். முதலாளியும் மறுப்பு சொல்லவில்லை. சொல்ல முடியாது. மற்ற பலகைக் கம்பெனிகள் வேறு போன் போட்டு "எங்களுக்கும் கொஞ்சம் வேண்டாம் சொல்லித் தருவீங்களா?" என்று மச்சினனைக் கேட்க ஆரம்பித்துவிட்டன. அவன் முடியாது என்று சொல்லிவிட்டான். அதற்கும் மரியாதை கூடியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் பாட்டுப் பாடிக்கொண்டே அவனை அந்த வாடகை வீட்டைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவியும் வந்தாள். நல்ல வீடு. காற்று, வெளிச்சம், தண்ணீர் எல்லாம் உண்டு. குழாயை நானே திறந்து திறந்து பார்த்தேன். வீட்டுக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, "டைரக்டரா? எங்களுக்குப் பெருமை. சாவி தரட்டுமா?" என்றார்.

மச்சினன் நெற்றியைச் சுருக்கினான்.

 "சரின்னு சொல்லுடா" என்றேன், பல்லிடுக்கில்.

"இருங்க மாமா, யோசிக்கிறேன்" என்றான். விட்டத்தைப் பார்த்தான். சமையலறையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "வேண்டாம் மாமா."

"ஏன்டா?"

"இங்க பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. நம்ம வீட்டு ஹால்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றேன். இனிமே அங்கேயே இருக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாருங்க, என் தம்பி முடிவு எடுக்கிறான்" என்றாள். "இத்தனை வருஷத்துல முதல் தடவையா ஒண்ணு கேக்கிறான். நீங்க மறுத்துடாதீங்க."  'சரி' என்றேன். எங்கள் வீட்டில் இப்போது அந்தச் சொல் என்னிடம்தான் இருக்கிறது.

அவன் எங்களுக்கு வாடகை தருகிறேன் என்கிறான், காய்கறி வாங்கி வருகிறான், யாரும் கேட்காமலே பாத்திரம் தேய்க்கிறான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சோபா சோபாதானே. நான் இதைச் சாப்பாட்டு மேசையில் முதுகு வலிக்க உட்கார்ந்து எழுதுகிறேன்.

யோசித்து யோசித்து எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. அவன் முடிவு மையத்துக்குள் எடுத்தால்தான் செல்லும் என்று அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். அந்த வாடகை வீடு கோட்டுக்கு வெளியே இருக்கிறது. எங்கள் ஹாலும் வெளியேதான். அப்படியானால் அங்கே நின்று அவன் சொன்ன 'வேண்டாம்' செல்லாது இல்லையா? மேடத்திடம் கேட்டேன். "குடும்ப விவகாரம் என் வேலையில வராது சார்" என்று நழுவிவிட்டார். அதிகாரியிடம் கேட்டேன். "தம்பியோட மனசு நோகாம பாத்துக்குங்க, அவர் எங்களுக்கு ரொம்ப முக்கியம்" என்கிறார். ஆக, மச்சினனை ஊக்குவிக்கும் பொறுப்பையும் அரசாங்கம் என் தலையில் கட்டிவிட்டது.

இதைப் படிப்பவர்களில் வக்கீலோ, கணக்காயரோ, இந்த மாதிரி மையத்தில் வேலை பார்ப்பவரோ யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். கோட்டுக்கு வெளியே நின்று எடுத்த முடிவு மச்சினன் விஷயத்தில் செல்லுமா, செல்லாதா? செல்லாது என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று போட்டு பதில் எழுதுங்கள். வீட்டுக்காரர் இந்த வார முடிவு வரைதான் காத்திருப்பேன் என்கிறார், அதனால் கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள்.